கரிசல் மண்ணில் ஒரு புல்வெட்டி ரோபோ: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வீட்டின் நிகழ்வு ஆய்வு

2024 மார்ச் 11, காலை ஒன்பதேகால். மெஷின் மூன்றாம் முறையாகப் புல்வெளி நடுவில் நின்றுவிட்டது. திரையில் பழைய வாசகமே: லூப் சிக்னல் இல்லை. அம்மா திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். "பெருச்சாளி கடிச்சிருக்கும் கண்ணு. நான் சொன்னா இந்த ஊட்ல ஆரு கேக்கறாங்க?" என்றார். நானும் அன்றைக்கு அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். வேலியோரம் இரண்டு பொறி வைத்திருந்தோம். ஒன்றில் தேங்காய்க் கீற்று காய்ந்துபோய்க் கிடந்தது. இன்னொன்றில் பக்கத்து வீட்டுப் பூனை ஒரு ராத்திரி முழுக்கக் கத்திக்கொண்டு கிடந்து எங்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் செலவழித்து வாங்கிய ரோபோ எட்டு சென்ட் புல்லை வெட்ட முடியாமல் ஏன் மாதத்துக்கு ஒருமுறை நின்றது? அந்தக் கேள்விக்கு விடை தேடிய கதைதான் இதில் பாதி. மீதி, அந்த மெஷினோடு குடும்பம் நடத்திய கதை.

எங்கள் இடம்

வீடு கொழிஞ்சாம்பாறையிலிருந்து கிழக்கே, வேலந்தாவளம் போகிற வழியில். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. ரேஷன் கார்டு மலையாளத்தில், வீட்டுப் பேச்சு தமிழில், கல்யாணச் சாமான் வாங்குவது கோவையில். கேரளம் என்றதும் அடைமழையும் செம்மண்ணும் நினைவுக்கு வருகிறவர்கள் எங்கள் பக்கம் வந்தால் குழம்பிப் போவார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, பனைமரம், கள்ளு, நிலக்கடலை, ஆளியாற்றுத் தண்ணீருக்குக் காத்திருக்கும் வாய்க்கால் என்று இங்கே எல்லாமே வேறு. மண்ணும் வேறு. கேரளத்தில் கரிசல் மண் பெரும்பாலும் சித்தூர் தாலுகாவோடு நின்றுவிடுகிறது. எங்கள் வீடு நிற்பது அந்தக் கரிசல் மேல்தான். பொள்ளாச்சிப் பக்கம் இருக்கிற அதே மண்; எல்லைக்கோடு மண்ணுக்குத் தெரியாது.

மனை 15 சென்ட். வீடும் பழைய மாட்டுக்கொட்டகையும் கிணற்றடியும் போக, 8 சென்ட் புல். ஏறக்குறைய 320 சதுர மீட்டர். அப்பா ரிட்டயர் ஆன வருஷம் ஆசைப்பட்டு எருமைப்புல் பதியம் வைத்தார். அகல இலை, நிழலிலும் வரும், தென்னைக்குக் கீழே வேறு எதுவும் ஒழுங்காகப் பிடிக்காது. நடுவில் நாலு தென்னை, ஒரு மாமரம்.

அதுவரை புல்லை இரண்டு விதமாகச் சமாளித்தோம். தெற்குப் பக்கத்தில் மாடு வைத்திருக்கும் ஓர் அக்கா வாரம் இரண்டு தடவை கருக்கருவாளோடு வந்து, அவருக்கு வேண்டியதை அறுத்துக் கட்டிக்கொண்டு போவார். கூலி நாங்களும் கொடுப்பதில்லை, அவரும் கேட்பதில்லை. மீதிக்கு மாதம் ஒருமுறை காடுவெட்டி மெஷின்காரர். அவர் வந்தால் ஊருக்கே கேட்கும், வராவிட்டால் புல் முழங்காலுக்கு வரும். 2023 ஜூன் மாதம் அவர் மெஷினில் சுழலும் நைலான் நரம்பில் பட்டுத் தெறித்த கல் ஒன்று ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. அப்பா அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ரோபோ பேச்சு அன்றைக்குத்தான் வீட்டில் ஆரம்பித்தது.

மெஷின் எப்படிப் புல் வெட்டுகிறது

புல்வெட்டும் மெஷினின் பூர்வீகம் திருப்பூர்க்காரர்களுக்குப் பிடிக்கும். 1830இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். துணி மேல் எழும்பும் பிசிறை ஒரே சீராக வெட்டித் தள்ளும் மில் மெஷினைப் பார்த்து, இதையே தரையில் உருட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. தானாக ஓடும் ரகம் வர நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. 1995இல் ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா நிறுவனம் சூரிய ஒளியில் ஓடும் ஒன்றைக் கொண்டுவந்தது. நாங்கள் வாங்கியது அந்த வம்சத்தில் பல தலைமுறை தள்ளிப் பிறந்தது. எந்தக் கம்பெனி என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

பார்க்க ஆமை மாதிரி இருக்கும். வயிற்றுக்குக் கீழே ஒரு தட்டு, அதில் ஆடிக்கொண்டிருக்கும் மூன்று சின்னப் பிளேடு, ஷேவிங் பிளேடைவிடக் கொஞ்சம் தடிமன். ஒரேயடியாக வெட்டாது. நாள்தோறும் சில மில்லிமீட்டர் நுனியைக் கிள்ளும். கிள்ளியது அங்கேயே விழுந்து மக்கி உரமாகும். மூட்டை கட்டி அள்ள எதுவும் மிஞ்சாது. வரிசையாகவும் போகாது. நேராகப் போய் எல்லையில் முட்டித் திரும்பி, வேறு ஒரு கோணத்தில் போகும். முதல் நாள் பார்த்துவிட்டு அப்பா, "கள்ளுக்கடையிலிருந்து வர்றவனாட்டமல்ல நடக்குது" என்றார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் விட்டுப்போன இடமே இல்லை.

எல்லை எது என்று அதற்குச் சொல்வது ஒரு செம்புக் கம்பி. மெஷின் சார்ஜ் ஏற வந்து நிற்கும் மேடையிலிருந்து கிளம்பி, புல்வெளி ஓரமாகச் சுற்றி, மறுபடி மேடைக்கே வந்து சேரும். மேடை அதில் மெல்லிய மின்துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். வளையத்துக்கு உள்ளே காந்தப்புலம் ஒரு திசையில், வெளியே எதிர்த்திசையில். மெஷின் மூக்கில் இருக்கும் சுருள் அதை உணர்ந்து, நான் உள்ளே இருக்கிறேனா, கோட்டைத் தாண்டிவிட்டேனா என்று தெரிந்துகொள்ளும். இன்னொரு கம்பி மேடையிலிருந்து புல்லுக்குக் குறுக்கே போய் எல்லைக் கம்பியின் எதிர்ப்பக்கத்தில் இணையும். வழிக்கம்பி என்பார்கள். பேட்டரி குறைந்தால் அதைப் பிடித்துக்கொண்டுதான் மெஷின் வீடு திரும்பும். கம்பி எங்கே அறுந்தாலும் துடிப்பு நிற்கும். துடிப்பு நின்றால் எல்லை எதுவென்று தெரியாது, அதனால் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். அதன் புத்தியில் நான் மதிக்கிற பகுதி இதுதான்.

கம்பி இல்லாத ரகமும் உண்டு. அதில் ஒரு வகை செயற்கைக்கோள் பார்த்து சென்டிமீட்டர் கணக்கில் இடம் அறியும். ஆனால் அதற்குத் திறந்த வானம் வேண்டும். எங்கள் புல்வெளியில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிவது தென்னங்கீற்று.

ஆகஸ்டில் டீலர் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். மண்ணைக் கீறி ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் கம்பியைப் பதித்துக்கொண்டே போகும் சின்ன மெஷின் ஒன்று கொண்டுவந்திருந்தார்கள். மழை பெய்து மண் வெண்ணெய் மாதிரி இருந்த நாள். சுவரிலிருந்து 35 சென்டிமீட்டர் தள்ளி, மாமரத்தையும் கிணற்றடியையும் சுற்றி, மொத்தம் 112 மீட்டர் கம்பி. மூன்று மணி நேரத்தில் வேலை முடிந்தது. கம்பி வீணைத் தந்தி மாதிரி விறைப்பாக, கோடு போட்டது போல் நேராக இருந்தது. நேர்த்தியைப் பார்த்து நானே பாராட்டி டீ வாங்கிக் கொடுத்தேன். பின்னால் வந்த தொல்லைக்கெல்லாம் அந்த விறைப்புதான் வித்து.

துலா மாத இடி

முதல் அடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. அக்டோபர் கடைசியில் ஒரு சாயங்காலம் இடியும் மின்னலும். துலா மாதத்து இடி எங்கள் பக்கம் பழக்கமானதுதான். டிவி பிளக்கைப் பிடுங்கு, மோட்டார் மெயினை அணை என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். நான் மேடையின் பிளக்கையும் பிடுங்கியிருந்தேன். ஆனாலும் காலையில் மேடையின் விளக்கு எரியவில்லை. உள்ளே சர்க்யூட் பலகை கருகியிருந்தது.

பிளக்கைப் பிடுங்கியும் எப்படிக் கருகியது? கம்பியில் விடை இருக்கிறது. 112 மீட்டர் செம்பை மண்ணில் வளையமாகப் போட்டால் அது ஒரு பெரிய ஆன்டெனா. பக்கத்தில் எங்கோ மின்னல் இறங்கினால் போதும், அந்த வளையத்தில் மின்னழுத்தம் எகிறும். மேலே இருக்கும் வாசலைப் பூட்டிவிட்டுத் தரையில் இருக்கும் வாசலைத் திறந்து வைத்திருக்கிறேன். கையேட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு வரி இருந்தது: இடிமழைக்கு முன் மின்னிணைப்பையும், எல்லைக்கம்பி, வழிக்கம்பி இணைப்புகளையும் மேடையிலிருந்து கழற்றுக. வாரண்டி உண்டா என்று டீலரைக் கேட்டேன். இடிக்கு வாரண்டி இல்லையாம். புதுப் பலகை 14,000 ரூபாய்.

இப்போது வானம் கறுத்தால் அம்மாவே போய் நாலையும் கழற்றிவிடுவார். எல்லைக்கம்பி இரண்டு முனை, வழிக்கம்பி ஒன்று, கரண்ட் ஒன்று. மாற்றி மாட்டக்கூடாது என்பதற்காக மூன்று முனையிலும் மூன்று நிற நூல் கட்டியிருக்கிறார். பழைய சேலை ஓரத்து நூல்.

கம்பி ஏன் அறுந்தது

2024 ஜனவரி 28 முதல் அறுப்பு. கிழக்கு வேலியோரம். அங்கே ஒரு பெருச்சாளி வளை இருந்தது, வழக்கு முடிந்தது என்று நினைத்தோம். தோண்டி, இரண்டு முனையையும் முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி மூடினேன். மெஷின் ஓடியது. பிப்ரவரி 19 இரண்டாம் அறுப்பு, அதே பக்கம், ஏழெட்டடி தள்ளி. மறுபடி டேப். மார்ச் 11 மூன்றாவது, மேற்குப் பக்கம். அங்கே சுற்று வட்டாரத்தில் வளையே கிடையாது.

மூன்றாவது அறுப்பு எங்கே என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் ஆனது. 112 மீட்டரையும் தோண்ட முடியாது. கை கொடுத்தது வழிக்கம்பிதான். அது எல்லைக்கம்பியின் நடுவில் போய் இணைவதால், கம்பியில் மின்சாரம் தொடர்ந்து ஓடுமா என்று காட்டும் மல்டிமீட்டரின் ஒரு முனையை வழிக்கம்பியிலும் மறுமுனையை எல்லைக்கம்பியின் இடக்கோடியிலும் வைத்தால் இடப்பாதி தெரியும், வலக்கோடியில் வைத்தால் வலப்பாதி. இடப்பாதி பேசியது, வலப்பாதி ஊமை. வேலையில் சரிபாதி குறைந்தது. மீதிக்கு இன்டர்நெட் கேபிள் போடும் தம்பியைக் கூப்பிட்டேன். அவரிடம் டோனர் என்று ஒன்று இருக்கிறது. கம்பியின் ஒரு முனையில் ஒலித்துடிப்பை ஏற்றிவிட்டு, பேனா மாதிரி ஒன்றை மண்ணுக்கு மேல் காட்டிக்கொண்டே நடந்தால், கம்பி இருக்கும்வரை கீ என்று கத்தும். அறுந்த இடம் தாண்டியதும் சத்தம் தேய்ந்துபோகும். 200 ரூபாய் வாங்கிக்கொண்டு, இருபது நிமிஷத்தில் காலால் கோடு கிழித்துக் காட்டினார்.

அந்தக் கோட்டில் தோண்டியபோது கம்பியை முதல்தடவை நிதானமாகப் பார்த்தேன். இரண்டு முனைக்கும் நடுவில் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி. பிளாஸ்டிக் உறை நுனியில் இழுபட்டு வெளுத்து, மெலிந்திருந்தது. செம்பு இழைகள் ஊசி முனை மாதிரி கூராகியிருந்தன. எலி கடித்தால் பல் தடம் இருக்கும், உறை துண்டு துண்டாகப் பெயர்ந்திருக்கும், முனைகள் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். இது கடிபட்டதில்லை, இழுபட்டது. இழுத்தது யார்? முனைகள் கிடந்த இடத்தில் மண் பிளந்து நின்றது. விரலை விட்டேன், முழு விரலும் போனது.

கரிசலில் இருக்கும் களிமண், தண்ணீர் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாசி பங்குனியில் எங்கள் காடுகளில் விரிசலில் கால் மாட்டிக் கன்றுக்குட்டி நொண்டுவதைப் பார்த்தே வளர்ந்தேன். அதை ஒரு கம்பியோடு சேர்த்து யோசிக்க எனக்கு மூன்று அறுப்பு தேவைப்பட்டது.

ஆனால் புல்வெளிக்குத்தான் தண்ணீர் விடுகிறோமே, நடுவில் விரிசலே இல்லையே என்று ஒரு சந்தேகம் நின்றது. ஸ்பிரிங்ளரைத் திறந்துவிட்டு நின்று பார்த்தேன். தண்ணீர் விழும் வட்டத்தின் விளிம்பு சுவருக்கு இரண்டடி முன்னால் முடிந்தது. சுவர் நனையக் கூடாது என்று நானே அப்படித் திருப்பி வைத்திருந்தேன். கம்பி ஓடுவது சுவருக்கு 35 சென்டிமீட்டர் தள்ளி. ஈர மண்ணும் காய்ந்த மண்ணும் சந்திக்கிற கோட்டை ஒட்டியே என் கம்பி படுத்திருக்கிறது. ஒரு பக்கம் ஊதி நிற்க, மறுபக்கம் சுருங்க, அந்தக் கோடு பிளக்காமல் என்ன செய்யும்? பிப்ரவரியில் போர்வெல் தண்ணீர் குறைந்து ஒருநாள் விட்டு ஒருநாள் பாய்ச்ச ஆரம்பித்ததும் விளிம்பு இன்னும் காய்ந்தது. ஸ்பிரிங்ளருக்குத் தூரமான கிழக்குப் பக்கம் முதலில் அறுந்ததும் அதனால்தான். ஈர மண்ணில் விறைப்பாகப் பதித்த கம்பிக்கு, மண் இரண்டு சென்டிமீட்டர் விலகினால் விட்டுக்கொடுக்க இம்மி நீளமில்லை.

பெருச்சாளிக்கு அன்று மனசுக்குள் ஒரு மன்னிப்புக் கேட்டேன்.

மணல்

பரிகாரம் என் தலையில் உதிக்கவில்லை. மதில் பூச வந்த கொத்தனார் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங் தம்பி, கருமண்ணுல அஸ்திவாரம் போட்டா குழியில மணலைக் கொட்டித்தானுங்களே போடறோம். மண்ணு இழுத்தாலும் மணலு வழுக்கி உட்ருமுங்க. கம்பிக்கும் அதே தானுங்களே?"

அதையே செய்தோம். கிழக்கும் தெற்கும் மேற்கும் சேர்த்து 64 மீட்டர் நீளத்துக்கு, நாலு விரல் அகலம், ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் மாதிரி ஒரு கால் வெட்டி, பாதி எம்.சாண்ட் நிரப்பி, கம்பியைப் பாம்பு ஊர்வது போல வளைத்து வளைத்துப் போட்டு, மேலே மறுபடி மணல். நேராகப் போனால் 64 மீட்டர் பிடிக்கும் இடத்தில் 71 மீட்டர் கம்பி. களி இழுத்தால் மணலுக்குள் கம்பி நகரும், வளைவு நிமிரும், அறுபடாது. உறை தடித்த கம்பியாக வாங்கினோம்.

ஒரு தப்பும் செய்தேன். மூலையில் ஒன்றரை மீட்டர் கம்பி மிச்சமாகிவிட்டது. பிற்பாடு தேவைப்படும் என்று வளையல் மாதிரி சுருட்டிப் புதைத்தேன். அந்த மூலைக்கு வந்ததும் மெஷின் பேய் பிடித்தது போல முன்னும் பின்னும் போய்த் தடுமாறி நின்றது. சுருட்டினால் அந்த இடத்தில் தனியாக ஒரு காந்தப்புலம் உண்டாகி, உள்ளே வெளியே கணக்கைக் குழப்பிவிடும். சுருட்டக்கூடாது என்று கையேட்டில் படம் போட்டுக் குறுக்குக்கோடே போட்டிருக்கிறார்கள். மிச்சத்தை வெட்டி எறிந்தேன்.

டேப் சுற்றிய பழைய இணைப்புகளைப் பிரித்துப் பார்த்தபோது செம்பு பச்சை பூத்திருந்தது. மண்ணுக்குள் டேப் ஒரு மழைக்குத் தாங்காது. ஜெல் நிரப்பிய சின்ன கனெக்டர் வருகிறது. இரண்டு முனையையும் செருகி இடுக்கியால் அமுக்கினால் ஜெல் வழிந்து மூடிக்கொள்ளும். அதையே போட்டேன். மொத்தச் சுற்றின் மின்தடையையும் மல்டிமீட்டரில் அளந்தால் இப்போது மூன்று ஓமுக்குள் இருக்கிறது. பிரிப்பதற்கு முந்தின வாரம் ஒன்பது காட்டியது. அந்த எண்ணை மாதம் முதல் தேதி கொட்டகைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைக்கிறேன். ஏறத் தொடங்கினால் எங்கோ ஓர் இணைப்பு கெடுகிறது என்று அர்த்தம்.

மணல், கம்பி, கனெக்டர், ஆள்கூலி எல்லாம் சேர்த்து 6,200 ரூபாய் ஆனது.

வெயிலும் கரண்டும்

அந்த ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டில் 41 டிகிரி தாண்டி, வெப்ப அலை எச்சரிக்கை வந்தது. மெஷின் மேடைக்குப் போகும், நிற்கும், சார்ஜ் ஏறாது. லித்தியம் பேட்டரிக்கு 45 டிகிரி சூட்டுக்கு மேல் சார்ஜ் ஏற்றுவது நல்லதில்லை என்பதால், உள்ளே இருக்கும் காவல் சர்க்யூட் மறுத்துவிடும். வெட்டவெளியில் நின்ற கறுப்புப் பிளாஸ்டிக்குக்குள் எவ்வளவு இருந்திருக்கும் என்று தொட்டுப் பார்த்தாலே தெரிந்தது. மேடையை மாட்டுக்கொட்டகையின் ஓட்டுத் தாழ்வாரத்துக்கு மாற்றினோம். தென்னை நிழலுக்கு மாற்றச் சொன்ன மச்சானிடம், மேலே எத்தனை நெற்று தொங்குகிறது என்று எண்ணிச் சொல்லச் சொன்னேன்.

கரண்ட் போனாலும் மேடையின் துடிப்பு நின்று மெஷின் வெயிலில் நின்றுவிடும். மேடையை இன்வர்ட்டர் லைனில் கொடுத்ததோடு அது தீர்ந்தது. மாதத்துக்கு ஏழெட்டு யூனிட்டுக்கு மேல் தின்பதில்லை.

மழைக்காலத்தில் களி சக்கரத்தில் அப்பி, பற்கள் மூடி, நின்ற இடத்திலேயே சுழன்று குழி பறிக்கும். கரிசலில் செருப்போடு நடந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். மழை பெய்த அன்றும் மறுநாளும் அதற்கு விடுமுறை.

குரும்பை, சுக்கான்கல், ஓணான்

நாள்தோறும் வரும் சிறு தொல்லைகளில் முதல் இடம் குரும்பைக்கு. எலுமிச்சை அளவு தென்னம்பிஞ்சான குரும்பை உதிர்ந்து கிடந்தால் மெஷின் அதன் மேல் ஏறும். முன்பக்கம் தூக்கியதும், யாரோ தன்னைக் கையில் எடுக்கிறார்கள் என்று நினைத்துப் பிளேடை நிறுத்திவிடும். மறுபடி நாலு இலக்க எண்ணை அடித்தால்தான் கிளம்பும். குழந்தைகள் தூக்கினால் விரல் போகக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது, குறை சொல்ல முடியாது. ஆக, காலையில் ரோபோ கிளம்பும் முன் ஒருவர் கூடை எடுத்துக்கொண்டு குரும்பையும் பன்னாடையும் பொறுக்க வேண்டும். அப்பா அதைத் தன் உடற்பயிற்சியாக ஏற்றுக்கொண்டார். தானாக ஓடும் மெஷினுக்கு எடுபிடியாக ஒரு ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர்.

மண்ணுக்குள்ளிருந்து சுக்கான்கல் மேலே வந்துகொண்டே இருக்கிறது. பிளேடு அதில் பட்டால் நுனி மழுங்கும். மழுங்கிய பிளேடு புல்லை வெட்டாமல் கிழிக்கும், இரண்டு நாளில் நுனி வெளுத்துப் புல்வெளி முழுக்க நரை விழுந்த மாதிரி ஆகும். அதுதான் பிளேடு மாற்றும் அறிகுறி. இங்கே ஐந்து வாரத்துக்கு ஒருமுறை வருகிறது.

எருமைப்புல் நன்றாகக் கேட்டது. நாள்தோறும் நுனி போவதால் பக்கவாட்டில் அடர்ந்து பாய் மாதிரி ஆகிவிட்டது. கோரை மட்டும் சிரித்துக்கொண்டே நிற்கிறது. கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்வரை மேலே எத்தனை தரம் கிள்ளினாலும் அதற்குக் கவலையில்லை. தொட்டாற்சிணுங்கி இன்னும் கெட்டிக்காரி, பிளேடு உயரத்துக்குக் கீழே படர்ந்துகொண்டாள். இரண்டுக்கும் கைக்கொத்துதான்.

ஒரு நாள் அந்தி நேர ஓட்டத்துக்குப் பிறகு ஓர் ஓணான் குட்டி இரண்டாகக் கிடந்தது. என் கூடப்பிறந்த அக்காவின் மகள் பார்த்துவிட்டு அன்று சாப்பிடவில்லை. டென்மார்க் ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் 18 ரோபோக்களைச் செத்த முள்ளெலிகள் மேல் ஓட்டிப் பார்த்தார்கள். தொடாமலே உணர்ந்து விலகியது ஒன்றுகூட இல்லை. முள்ளெலி தென்னிந்தியாவிலும் உண்டு, இருட்டினால்தான் வெளியே வரும், ஆபத்து வந்தால் ஓடாமல் சுருண்டுகொள்ளும். ஓடாத பிராணிக்கு இந்த மெஷின் எமன். இப்போது காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரைதான் ஓட்டம். மழைக்காலத்தில் தவளைகளுக்கும் இது தோது.

புல் யாருக்கு

இதைக் கடைசியில் எழுதுகிறேன், ஆனால் வீட்டில் முதலில் எழுந்தது இதுதான். மெஷின் வந்த இரண்டாம் வாரம் கருக்கருவாளோடு வந்த அக்கா, புல்வெளியைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். அரை விரல் உயரப் புல். அறுக்க எதுவுமில்லை. "மெஷினு வாங்கிட்டீங்களாக்கு" என்றார், அம்மாவிடம். அவ்வளவுதான், திரும்பிப் போய்விட்டார். அம்மாவுக்கு அன்று ராத்திரி தூக்கமில்லை. "ஒரு கட்டுப் புல்லு மாட்டுக்குப் போவாத புல்லு, என்ன புல்லு சாமி அது?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். மாடு வைத்திருக்கிறவர்களுக்கு வெயில் காலத்துப் பச்சைப்புல் என்ன விலை என்பது சித்தூர்ப் பக்கம் எல்லோருக்கும் தெரியும்.

டீலர் ஆட்கள் எல்லையைத் தெற்கு வாய்க்கால் வரைக்கும் இழுத்திருந்தார்கள். அங்கே சரிவு வேறு, மெஷின் வழுக்கி இரண்டு தடவை வாய்க்காலுக்குள் தலைகீழாக விழுந்திருக்கிறது. மணல் கால் வெட்டும்போது கம்பியை அங்கிருந்து ஆறடி உள்ளே வாங்கிக்கொண்டோம். வாய்க்கால் ஓரம் நெடுக ஆறடி அகலத்துக்குப் புல் இப்போது அவருடையது. மேட்டிலிருந்து வழியும் தண்ணீர் அங்கே தங்குவதால் இடுப்பளவு வளர்கிறது. முன்பு எட்டு சென்டிலும் தேடி அறுத்ததைவிட இது சுலபமாக இருக்கிறது என்று அவர் அம்மாவிடம் சொன்னாராம். மெஷினும் அதற்குப் பிறகு வாய்க்காலில் விழவில்லை.

2025 பங்குனி வரை

2024 கோடை மிச்சத்திலும் அடுத்த பனிக்காலத்திலும் கம்பி ஒருதடவைகூட அறுபடவில்லை. 2025 மாசியில் மணல் காலின் இருபுறமும் விரிசல் விரல் அகலத்துக்கு விட்டது. ஓரிடத்தில் மணலை விலக்கிப் பார்த்தேன், வளைவு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது, கம்பி முழுசாக இருந்தது. சுவரில் எழுதியிருந்த எண்களும் மூன்று ஓமைத் தாண்டவில்லை. கொத்தனாருக்கு போன் போட்டுச் சொன்னேன், அவருக்கு எந்தக் கம்பி என்றே நினைவில்லை.

பங்குனி இரண்டாம் வாரம் மெஷின் நின்றது. லூப் சிக்னல் இல்லை. அம்மா திண்ணையிலிருந்து என்னைப் பார்த்தார். "பெருச்சாளியெல்லாம் இல்லம்மா, களி இழுத்திருக்கும்" என்று சொல்லிக்கொண்டே மல்டிமீட்டரை எடுத்தேன். வலப்பாதி ஊமை. கேபிள் தம்பி வந்து கிணற்றடிக்குப் பக்கத்தில் கோடு கிழித்தார். அங்கே மணல் காலும் இல்லை, விரிசலும் இல்லை, எப்போதும் ஈரம். தோண்டினேன். உறை துண்டு துண்டாகப் பெயர்ந்து கிடந்தது, செம்பு பளபளத்தது, இரண்டு முனையும் ஒட்டிக்கொண்டு படுத்திருந்தன. பக்கத்தில் ஈர மண்ணில் புது வளை.

அம்மா எழுந்து வந்து குனிந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கொட்டகைக்குப் போய், பரண் மேல் போட்டிருந்த பொறியை எடுத்துத் தூசி தட்டி என் கையில் கொடுத்தார்.